ஒரு ஏக்கர் பிரெய்ரி: புல் விதையைக் குறைத்துப் போடுங்கள்

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் இயற்கைப் புல்வெளி. அமெரிக்க மாநிலங்களான ஐயோவாவிலும் இல்லினாயிலும் பத்திருபது வருடத்துக்கு முன் மறுபடி விதைத்து 'மீட்டெடுத்த' பிரெய்ரிகள் நிறைய உண்டு. சாலையிலிருந்து பார்த்தால் அழகு. செப்டம்பரில் ஆள் உயரத்துக்குப் புல் செம்பு நிறத்தில் அலையடிக்கும். உள்ளே இறங்கி நடந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். பிக் புளூஸ்டெம், இண்டியன் கிராஸ், சுவிட்ச் கிராஸ், மறுபடியும் பிக் புளூஸ்டெம், எல்லாமே உயரப் புற்கள். பூச்செடி ஒன்றுகூடக் கண்ணில் படாது. விதைத்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. புல்வெளி என்ற பெயரை நம்பிப் புல்லை அள்ளிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையான நெடும்புல் பிரெய்ரியில் இன எண்ணிக்கைக் கணக்கில் புல் சிறுபான்மை. சூரியகாந்திக் குடும்பம், பயறுக் குடும்பம், கோரைகள், இவற்றுக்கு நடுவே சில புல்லினங்கள் என்பதே அதன் கட்டமைப்பு. அந்தப் பெரும்புற்கள் நமக்கு அந்நியமும் அல்ல. சோளம், கரும்பு, வெட்டிவேர், எலுமிச்சைப் புல் எல்லாம் சேர்ந்திருக்கும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவைதாம் பிக் புளூஸ்டெம்மும் இண்டியன் கிராஸும். வெயில் ஏற ஏற அடித்துக் கிளம்பும் குணமும் அதேதான். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிவிடும்.

இழப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடா எல்லையிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 17 கோடி ஏக்கர் இருந்த நெடும்புல்வெளியில் இன்று 4 சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம். அதில் பெரும்பகுதி கான்சஸின் ஃப்ளின்ட் ஹில்ஸில் இருக்கிறது. அங்கே மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் தட்டுவதால் கலப்பை இறங்கவில்லை. மற்ற இடங்களில் 1837-இல் ஜான் டீர் செய்த எஃகுக் கொழுவும் அதன் வழிவந்தவையும் வேலையை முடித்தன. பழைய வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்ட கரிசல், பளபளப்பான எஃகில் ஒட்டாமல் புரண்டது. ஈரநிலங்களுக்குள் களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தபின், ஐயோவாவின் முக்கால் பங்குக்கும் மேல் பரவியிருந்த பிரெய்ரி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மிஞ்சியவை குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் கிடக்கின்றன. கலப்பை போகாத இடங்கள் அவைதாம்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது மத்திய ஐயோவாவில் சோயா விளைந்த ஒரு ஏக்கர். 43,560 சதுர அடி. ஈரமும் அல்லாத, வறட்சியும் அல்லாத நடுத்தர மண்.

முதலில் நிலத்தைப் பார்க்கிற வேலை

எதையும் தொடுவதற்கு முன் ஒரு முழுப் பருவம் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். மேய்ச்சல் நிலமாக இருந்து ஒருபோதும் உழப்படாத மூலை ஏதாவது இருந்தால், அங்கே பழைய பிரெய்ரியின் வேர் இன்னும் உயிரோடு இருக்கலாம். காம்பஸ் பிளாண்ட், லெட் பிளாண்ட், பிரெய்ரி டிராப்சீட் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த மூலையில் களைக்கொல்லியும் கூடாது, வெளி விதையும் கூடாது. புதர்களை வெட்டி, தீயை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் போதும். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணிச் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டது இதே பார்வைக் கோளாறுதான். புல்லாக இருப்பதாலேயே அது காலியிடம் ஆகிவிடாது.

சோயா நிலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு வருடம் தொடர்ந்து சோயா போட்டுக் களையைக் கட்டுப்படுத்திய நிலத்தில் அறுவடைக்குப் பின் தரை வெறுமையாக, கெட்டியாக, சருகு குறைவாக இருக்கும். அப்படியே விதைக்கலாம், உழவே வேண்டாம். மக்காச்சோள நிலத்தில் தட்டை மலைபோல் கிடக்கும். விதை மண்ணைத் தொடாது. சோயாவுக்கோ மக்காச்சோளத்துக்கோ அடித்த களைக்கொல்லி மண்ணில் எத்தனை மாதம் தங்கும் என்பதைப் புட்டியின் லேபிளில் மறுபயிர் இடைவெளி என்ற பகுதியில் படித்துவிட வேண்டும். புல்லுக்குத் தீங்கு செய்யாமல் பூச்செடி நாற்றுகளை மட்டும் கொல்லும் மிச்ச மருந்து சிலவற்றில் உண்டு. 'பூச்செடி முளைக்கவே இல்லை, விதை சரியில்லை' என்று விதை வியாபாரியைத் திட்டுகிறவர்கள் முந்தின வருட மருந்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்மூத் புரோம் அல்லது டால் ஃபெஸ்க்யூ என்ற தீவனப்புல் மூடிய பழைய மேய்ச்சல் நிலமாக இருந்தால் அவசரப்படக் கூடாது. ஒருமுறை கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து மேலே பழுத்ததைப் பார்த்து விதைத்தால், அடுத்த வசந்தத்தில் வேர்த்தண்டிலிருந்து எல்லாம் திரும்ப வரும். இலையுதிர் காலத்தில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் மீண்டும், அடுத்த இலையுதிர் காலத்தில் கடைசி முறை என்று ஒரு முழு வளர்பருவத்தைக் கொன்று தீர்க்கவே செலவிட வேண்டும். அல்லது இரண்டு வருடம் சோயாவுக்கு விடலாம். இந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடித்தவர்கள் அதைப் பத்து வருடமாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். உழுது புரட்டுவது இதற்குப் பரிகாரம் அல்ல. கீழே உறங்கும் களை விதைகளை மேலே கொண்டுவந்து முளைக்க வைப்பதுதான் நடக்கும்.

நிலத்தடி வடிகுழாய்கள் இருந்தால் விதைக்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும். தாழ்வான மூலையை ஈரப் பிரெய்ரியாக்க அந்தக் குழாயை உடைத்து அடைக்கலாம். ஆனால் மேட்டில் இருக்கும் பக்கத்து நிலத்தின் தண்ணீரும் அதே குழாயில் வருகிறதா என்று பார்க்காமல் கை வைத்தால், பிரெய்ரி வேலை வழக்கு வேலையாகிவிடும்.

விதைக் கணக்கு

எடையில் விதை வாங்குவதுதான் முதல் பிசகு. விதைகளின் பருமன் ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு வேறுபடும். ஒரு கிராமில் காம்பஸ் பிளாண்ட் விதை சுமார் 23. கல்வர்ஸ் ரூட் விதையோ சுமார் 28,000. பார்ப்பதற்கு மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஆகவே கணக்கு எப்போதும் சதுர அடிக்கு எத்தனை விதை என்பதில் தொடங்க வேண்டும்.

சமவெளி நிலத்துக்குச் சதுர அடிக்கு 50 விதை போதும். சரிவிலும் கைவிதைப்பிலும் 60 வரை போகலாம். சதுர அடிக்கு 50 என்றால் ஒரு ஏக்கருக்கு மொத்தம் 21,78,000 விதை. சதுர அடிக்கான அந்த 50-இல் புல்லும் கோரையும் சேர்ந்து 20, பூச்செடிகள் 30. இந்த விகிதத்தை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைப் பார்க்கும்போது கை தானாகவே புல் பக்கம் சாயும். புல் விதை மலிவு, பூச்செடி விதை விலை அதிகம்.

புல்லின் 20-ஐப் பிரிக்கும் விதம்: லிட்டில் புளூஸ்டெம் 8, சைடு ஓட்ஸ் கிராமா 6. இரண்டும் இடுப்பளவே வளரும் கொத்துப்புற்கள். இடையில் சந்து விடும். பிக் புளூஸ்டெம் ஒன்றரை, இண்டியன் கிராஸ் ஒன்றரை. மீதம் மூன்றில் கனடா வைல்டு ரை, பிரெய்ரி டிராப்சீட், நாட்டுக் கோரை வகைகள். சுவிட்ச் கிராஸ் பூஜ்யம். நடுத்தர மண்ணில் அதைப் போட்டால் வேறெதையும் வளரவிடாது. பக்கத்து நிலத்தில் இருந்தால் தானாகவே வந்தும் சேரும்.

எடையாக மாற்றினால் லிட்டில் புளூஸ்டெம் (கிராமுக்குச் சுமார் 530 விதை) 660 கிராம். சைடு ஓட்ஸ் (சுமார் 210) ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. பிக் புளூஸ்டெம் (சுமார் 350) 185 கிராம். இண்டியன் கிராஸ் (சுமார் 420) 155 கிராம். 'ஏக்கருக்கு 185 கிராம் பிக் புளூஸ்டெம்மா?' என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: மூன்று கிலோ போட்டால் சதுர அடிக்கு 24 விதை விழுகிறது. பூச்செடிக்கு அங்கே நிற்க இடம் ஏது? 1985-க்குப் பின் அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த பல வயல்கள் புல் நிறைந்த கலவையால் இப்படித்தான் ஒரே நிறமாயின.

பூச்செடிகளின் 30-ஐக் குறைந்தது முப்பது இனங்களுக்குப் பகிர வேண்டும். ஐம்பது இனம் என்றால் இன்னும் நல்லது. வசந்தம், கோடை, இலையுதிர் என மூன்று பருவத்திலும் பூப்பவை கலந்திருக்க வேண்டும். பேல் பர்ப்பிள் கோன்ஃபிளவர் சதுர அடிக்கு ஒன்று வேண்டுமானால் ஏக்கருக்குச் சுமார் 240 கிராம் ஆகும். ராட்டில்ஸ்னேக் மாஸ்டர் ஒன்றுக்கு 165 கிராம். பர்ப்பிள் பிரெய்ரி கிளோவர் இரண்டு போட 165 கிராம். கல்வர்ஸ் ரூட் இரண்டுக்கு வெறும் 3 கிராம்! காம்பஸ் பிளாண்ட் இருபது சதுர அடிக்கு ஒரு விதை என்றாலே 95 கிராம் போய்விடும், ஆனால் அதற்குமேல் தேவையும் இல்லை. பிளாக்-ஐட் சூசன் ஒன்றரையைத் தாண்ட வேண்டாம், 20 கிராம்தான். இரண்டாம் வருடம் நிலத்தை மஞ்சளாக்கி மனதுக்குத் தெம்பு தரும், பிறகு ஒதுங்கிவிடும். கனடா கோல்டன்ராடு விதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அது அழைக்காமலே வரும் விருந்தாளி, வந்தால் போகாது.

மூட்டையில் எழுதியிருக்கும் எடை முழுவதும் உயிருள்ள விதை அல்ல. புறத்தூய்மை (குப்பை போக விதை) 92 சதவீதம், முளைப்பு 60, உறக்கத்தில் இருப்பவை (உயிர் இருந்தும் இப்போது முளைக்காதவை) 25 என்று லேபிள் சொன்னால், உயிருள்ளவை 85, அதை 0.92-ஆல் பெருக்கினால் 78.2 சதவீதம். 660 கிராம் தேவைக்கு 844 கிராம் நிறுத்து வாங்க வேண்டும். உறக்க விதையைச் செத்த விதையாக எண்ணிக் கழித்துவிடக் கூடாது. பூச்செடிகளில் பாதிக்கு மேல் உறக்கத்தில் இருப்பது சாதாரணம்.

விதை எந்த ஊர் விதை என்பது அடுத்த கேள்வி. தெற்கே ஓக்லஹோமாவில் எடுத்த பிக் புளூஸ்டெம் ஐயோவாவில் முளைக்கும், நெடுநெடுவென்று வளரவும் செய்யும், ஆனால் பூத்து விதை கட்டுவதற்குள் பனி வந்துவிடும். மேய்ச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த பெயர்பெற்ற ரகங்கள் உயரமும் வீரியமும் கூடியவை, அக்கம்பக்கத்தை அமுக்குபவை. அண்டை மாவட்டங்களின் எஞ்சிய பிரெய்ரிகளிலிருந்து பெருக்கிய விதையே நல்லது. நீங்களே அனுமதியோடு சேகரித்தால் ஒரு செடிக்கூட்டத்தில் பாதிக்கு மேல் உருவாதீர்கள். காகிதப் பையிலோ துணியிலோ பரப்பி உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த ஈர விதை ஒரே இரவில் சூடேறிப் புழுங்கிவிடும்.

விதைக்கும் நேரம்

ஏப்ரல், மே மாதத்தில் விதைப்பது பழைய வழக்கம். அந்த நேரம் விதைத்தால் மண் சூடாகப் புல் உடனே முளைக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து சில வாரம் கிடந்தால்தான் விழிக்கும் பூச்செடி விதைகள் அந்த வருடம் முழுக்கத் தூங்கும். அவை எழும்போது புல் இடத்தைப் பிடித்திருக்கும். பட்டாப் போட்டு உட்கார்ந்தவனை எழுப்புவது கஷ்டம்.

நவம்பர் நடுப்பகுதிக்குப் பின், மண் வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் விதைத்தால் கணக்கு மாறும். குளிர்காலம் முழுதும் உறைந்து இளகும் மண், விதையைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. உறக்கம் இயற்கையாகவே கலைகிறது. புல் விதையில் ஒரு பங்கு அழுகியும் பறவைகளுக்கு இரையாகியும் குறைகிறது. நமக்கு அது நஷ்டமே அல்ல.

தவிர்க்க முடியாமல் வசந்தத்தில் விதைக்க நேர்ந்தால் பூச்செடி விதையை ஈர மணலில் பிசறி, 1 முதல் 5 டிகிரியில் குளிர்பெட்டியில் 30 முதல் 60 நாள் வைக்க வேண்டும். பயறுக் குடும்பத்தில் ஒயிட் வைல்டு இண்டிகோ போன்ற கெட்டித்தோல் விதைகளை இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே இலேசாகத் தேய்த்துவிட வேண்டும். பளபளப்பு மங்கினால் போதும், உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் விதை வீண். நியூ ஜெர்சி டீ என்ற புதர்ச்செடியின் விதைக்கு வெந்நீர் வேண்டும்: கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறும்வரை அதிலேயே விட்டு, பிறகு குளிருக்கு அனுப்ப வேண்டும். பயறுவகைகளுக்கு அந்தந்தப் பேரினத்துக்கு உரிய ரைசோபியம் நுண்ணுயிரால் விதை நேர்த்தி. உளுந்துக்குச் செய்வதுபோலத்தான், விதைக்கிற அன்றே, நிழலில்.

கைவிதைப்புக்கு எள் விதைக்கும் முறையே இங்கும். விதைக் கலவையோடு நாலைந்து பங்கு ஈர மணலோ மரத்தூளோ சேர்த்துப் பிசற வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் பஞ்சு மாதிரியான புல் விதை மேலே மிதக்கும், குண்டு விதை அடியில் தங்கும். வயலின் ஒரு மூலையில் புல்லும் இன்னொரு மூலையில் பூவுமாக முளைக்கும். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறுபாதியை வடக்குத் தெற்காகவும் நடந்து வீச வேண்டும். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாத புதுப்பனி மீது வீசினால் எங்கே விழுந்தது, எங்கே விடுபட்டது என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியாய் உறைந்த பனிக்கட்டி மீது வீசாதீர்கள். காற்று அத்தனையையும் வேலியோரம் ஒதுக்கிவிடும்.

இயந்திரம் என்றால் பஞ்சு விதை அடைக்காமல் கிளறிவிடும் தனிப்பெட்டி வைத்த, உழவில்லா நிலத்தில் ஓடும் விதைப்பான் வேண்டும். கோதுமை விதைப்பானில் பிக் புளூஸ்டெம் அடைத்துக்கொள்ளும். ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பொடி விதைகள் தரைமேலேயே கிடக்க வேண்டும், கல்வர்ஸ் ரூட்டுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. விதைப்பான் ஓட்டுநர் மக்காச்சோளப் பழக்கத்தில் ஒரு அங்குலம் இறக்கினால் பூச்செடியில் பெரும்பகுதி அங்கேயே முடிந்தது. இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறும், ஆறு மாதம் கழித்தே தெரியவரும் தவறும் இதுதான். வண்டி பத்தடி போனதும் நிறுத்தி, மண்ணைக் கீறிப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு விதை தெரிந்தால் ஆழம் சரி.

சரிவு நிலமானால் துணைப்பயிராக ஏக்கருக்கு 14 கிலோ ஓட்ஸ். அது மண்ணைப் பிடிக்கும், குளிரில் மடியும் அல்லது அறுத்தால் போகும். ரை கிராஸ் வேண்டாம், அது நாற்றுகளோடு மல்லுக்கு நிற்கும். உரமும் வேண்டாம். தழைச்சத்து கொடுத்தால் கொழுப்பது களைதான்.

முதல் வருடம்: வெட்டு, மறுபடி வெட்டு

ஜூன் மாதம் வயலைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் திட்டம் தோற்றுவிட்டது என்றுதான் சொல்வார். நரிவால் புல், ஜயன்ட் ராக்வீட், முள்ளுக்கீரை, சக்கரவர்த்திக் கீரையின் உறவுக்காரச் செடி எல்லாம் முழங்கால் உயரம். பிரெய்ரி நாற்றுகள் அடியில் இரண்டு அங்குலத்தில் இருக்கும். அவை மேலே வளராமல் கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தேவை வெளிச்சம் மட்டும்.

களை ஓரடி, ஒன்றேகால் அடி எட்டியதும் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். மழையைப் பொறுத்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் வரை நாலைந்து தடவை வரும். தாமதித்து மூன்றடி வளரவிட்டு வெட்டினால் விழுந்த தழை நாற்றுகள் மேல் பாயாக மூடும். அடியில் எல்லாம் வெளுத்துச் சாகும். தழையைப் பொடியாக்கும் ஃப்ளெயில் வெட்டி நல்லது. அரிவாள் பட்டை வெட்டியில் தழை வரிசையாகக் கிடக்கும், அள்ளி அப்புறப்படுத்த வேண்டிவரும். களையைக் கையால் பிடுங்குவது இந்த வருடம் கூடவே கூடாது. ஒரு ராக்வீட்டின் வேரோடு ஏழெட்டு நாற்றும் கிளம்பி வரும்.

ஆகஸ்டில் மண்டியிட்டு நாற்று எண்ணுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி சட்டத்தைக் கண்ணை மூடி முப்பது இடத்தில் போட்டு எண்ண வேண்டும். சராசரி ஒன்று வந்தாலே நடவு பிழைத்தது. அடையாளம்: இண்டியன் கிராஸில் இலை தண்டோடு சேரும் இடத்தில் துப்பாக்கிக் குறிமுனை மாதிரி இரண்டு காது நிமிர்ந்திருக்கும். சுவிட்ச் கிராஸில் அதே இடத்தில் முக்கோணமாக மயிர். நாற்றை மெல்லத் தோண்டினால் பிக் புளூஸ்டெம்மின் பழைய விதைக்கூடு வேரடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். களைப்புல்லா நம் புல்லா என்ற சந்தேகம் அதில் தீரும். காம்பஸ் பிளாண்ட் இந்த வருடம் ஒற்றை இலையோடு நிற்கும், அடுத்த வருடமும் ஏறக்குறைய அப்படியே. பூக்கப் பல வருடம் ஆகும்.

இரண்டாம் வருடம்

வெட்டு ஒன்றோ இரண்டோ, உயரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். இந்த வருடத்தின் கவலை பல்லாண்டுக் களைகளும் ஸ்வீட் கிளோவரும்.

ஸ்வீட் கிளோவர் இரண்டு வருடச் செடி. விதை மண்ணில் பல்லாண்டு காத்திருக்கும், தீயின் சூடு பட்டால் கும்பலாக முளைக்கும். அதனால் அது இருக்கும் நிலத்தில் ஒருமுறை மட்டும் எரித்து நிறுத்தினால் நாமே அதை வளர்த்ததாக ஆகும். ஒரு வருடம் வசந்தத் தொடக்கத்தில் எரித்து முளைக்க வைத்து, அடுத்த வருடம் மே மாதம் அது துளிர்த்து எழுந்தபின் மறுபடி எரிக்க வேண்டும். தீ வைக்க முடியாவிட்டால் பூ வந்து விதை கட்டுவதற்கு முன் தரையோடு அறுக்க வேண்டும். மேலே விட்டு அறுத்தால் கீழ்க்கணுவிலிருந்து குட்டையாகப் பூத்து விதை போட்டுவிடும்.

கனடா திசில் என்ற முட்செடிக்கு குளோபைராலிட் அடிக்கச் சொல்வார்கள். கொல்லும்தான். ஆனால் அந்த மருந்து சூரியகாந்திக் குடும்பத்தையும் பயறுக் குடும்பத்தையும் சேர்த்தே அடிக்கும்; நாம் விலை கொடுத்து விதைத்தவை அந்த இரண்டு குடும்பங்களே. ரப்பர் கையுறைக்கு மேல் பருத்திக் கையுறை போட்டு, கிளைபோசேட் கரைசலில் நனைத்து, மொட்டு வைத்த தண்டை மட்டும் கீழிருந்து மேலாக ஒரு தடவை உருவிவிடுவது மெதுவான வேலை. ஒரு ஏக்கருக்கு அதுவே போதும்.

தீ

மூன்றாம் வருடத்தில் எரிபொருளாகும் அளவுக்குச் சருகு சேரும். பிரெய்ரி தீயில் பழகியது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பழங்குடி மக்கள் வேண்டுமென்றே எரித்து வந்தார்கள். வளர்நுனி மண்ணுக்குக் கீழே இருப்பதால் புல் பிழைக்கும், மரக்கன்று கருகும். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆர்போரீட்டம் என்ற தாவரத் தோட்டத்தில் 1935-இல் தொடங்கிய கர்ட்டிஸ் பிரெய்ரி, மீட்டெடுப்பு வேலைக்கே முன்னோடி. தீ இல்லாமல் இது நடக்காது என்பதை 1940-களில் அங்கே நடந்த சோதனைகள்தாம் காட்டின.

அனுமதி, அண்டை வீட்டாருக்கும் தீயணைப்புத் துறைக்கும் முன்னறிவிப்பு, எழுதிய திட்டம், பயிற்சி பெற்ற தலைவர் ஒருவர், இவை இல்லாமல் தீப்பெட்டியைத் தொட வேண்டாம். காற்று மணிக்கு 8 முதல் 24 கிலோமீட்டர், ஒரே திசையில் நிலையாக. காற்றே இல்லாத நாள் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. திசை எப்போது புரளும் என்று சொல்ல முடியாது. ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதம். சுற்றிலும் மூன்று முதல் ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒட்ட வெட்டி, தழையை வாரிய தீத்தடுப்புக் கோடு. பருத்தி அல்லது கம்பளி உடை, தோல் காலணி. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பம்பு, தீயை அடித்து அணைக்க ரப்பர் தட்டி, பற்றவைக்கச் சொட்டுத் தீவட்டி. தீவட்டியில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல்.

காற்று வடமேற்கிலிருந்து வீசினால் தென்கிழக்கு மூலையில் பற்றவையுங்கள். ஒரு குழு தெற்கு ஓரமாக மேற்கு நோக்கியும், மற்றது கிழக்கு ஓரமாக வடக்கு நோக்கியும் நகர வேண்டும். தீ காற்றை எதிர்த்து மெல்ல உள்ளே தின்னும். இரண்டு ஓரத்திலும் பத்து மீட்டர் கரிப்பட்டை விழுந்தபின்தான் வடக்கு, மேற்கு ஓரங்களைப் பற்றவைத்து மூட வேண்டும். அப்போது காற்றோடு பாயும் முன்தீ ஆள் உயரத்தைத் தாண்டும், சில நிமிடத்தில் கரிப்பட்டையை முட்டி அணையும். மாலையில் தொடங்காதீர்கள்; வெயில் தாழ்ந்தால் புகை மேலே போகாமல் சாலைமேல் படியும். கடைசியில் ஓரத்திலுள்ள காய்ந்த கட்டை, சாணம், பொந்து மரம் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்தபின் கிளம்புங்கள்.

முழு ஏக்கரையும் ஒரே வருடம் எரிக்கக் கூடாது. ரீகல் ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சியின் புழுக்கள் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பாதியையோ மூன்றில் ஒன்றையோ மாற்றி மாற்றி எரித்தால் அவை தப்பும்.

எரிக்கும் மாதமும் புல்–பூ விகிதத்தைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் கடைசி, மே மாதத் தீ புரோம் புல்லை அடிக்கும், ஆனால் பெரும்புற்களை மேலும் ஊக்கும். புரோம் தொல்லை இல்லாத நிலத்தில் ஒவ்வொரு வருடமும் மே மாதம் எரித்துக்கொண்டே இருந்தால், விதையில் குறைத்த புல்லைத் தீயால் கூட்டியதாகிவிடும். இலையுதிர் காலத் தீயும் மார்ச் தீயும் பூச்செடிகளுக்குச் சாதகம்.

ஏற்கெனவே புல் மூடிய நிலத்துக்கு

ஜூலையில் வைக்கோலுக்கு அறுத்து அப்புறப்படுத்தினால் பெரும்புல்லின் வேகம் அடங்கும். பெரிய பரப்பானால் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை. அவை பெரும்பாலும் புல்லையே மேய்ந்து பூச்செடியை விட்டுவைக்கும், புரண்டு பள்ளம் தோண்டும். கான்சஸின் கோன்சா பிரெய்ரியில் சுமார் மூன்று பத்தாண்டுகள் நடந்த ஆய்வில், பைசன் மேய்ந்த பகுதியில் நாட்டுத் தாவர இனங்கள் ஏறக்குறைய இரட்டித்தன. இல்லினாயின் நாச்சூசா புல்வெளியில் 2014-இல் பைசனைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஏக்கர்காரருக்கு அது ஆகாத காரியம்.

அவருக்குக் கைவசம் உள்ளது வுட் பெட்டனி. கணுக்கால் உயரம், மஞ்சள் பூ, சொந்தமாகப் பச்சையம் உண்டு, ஆனாலும் பக்கத்துப் புல்லின் வேரில் உறிஞ்சி வைத்துச் சாறு குடிக்கும். அது பரவிய இடத்தில் புல் குட்டையாகி நடுவே தரை தெரியும். விதையைப் பழுத்த சூட்டோடு சேகரித்து, இலையுதிர் காலத்தில் எரித்த கரித்தரை மேல், புல் மிக அடர்ந்த திட்டுகளாகத் தேடித் தூவ வேண்டும். ரேக்கால் இலேசாகக் கீறிவிட்டால் போதும், மூட வேண்டாம். தொட்டியில் தனியாக வளர்க்கப் பார்த்தால் நாற்று மஞ்சளித்துச் சாகும்; பக்கத்தில் ஒரு புல் நாற்று இருக்க வேண்டும். முளைத்த திட்டு முதல் இரண்டு வருடம் உள்ளங்கை அளவே இருக்கும். அதன் பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள், அடுத்த வசந்தத்தில் தேட வேண்டிவராது. அந்தத் திட்டு விரிந்து புல் மெலிந்தபின், கோன்ஃபிளவரும் பிரெய்ரி கிளோவரும் மேல்விதைப்பாகப் போடும் இடம் அதுதான்.